ஆங்கில நிபந்தனைத் தொடரும் அடையற்ற பன்மைப் பெயரும்

ஆங்கிலத்தின் ‘இஃப்’ என்னும் இடைச்சொல்லுக்குத் தமிழின் ‘ஆல்’ ஈற்று நிபந்தனை எச்சம் நேரிணை என்பது மொழிபெயர்ப்புப் பயிற்சியில் பெரிதும் ஐயுறப்படாத கருத்தாகும். ‘மழை பெய்தால் பயிர் விளையும்’ என்பது போன்ற வாக்கியங்களில் இக்கருத்து இடர் எதனையும் தருவதில்லை. ஆனால் தலைமை வாக்கியத்தின் எழுவாய், ‘தி’ முதலிய அடை எதனையும் பெறாத பன்மைப் பெயராக அமையுமிடத்து நிலைமை மாறுகிறது. அங்கு எழும் பிழையை நடைக் குறையாகக் கொள்வதற்கில்லை. சொல்லப்பட்ட பொருளே வேறாகிவிடுகிறது.

‘பொட்டேட்டோஸ் ஆர் ஹார்ம்ஃபுல் இஃப் தே ஆர் கிரீன்’ என்னும் வாக்கியத்தைக் கொள்ளலாம். இதன் எழுவாய்க்கு முன் ‘தி’ சேர்த்தால் மற்றொரு வாக்கியம் கிடைக்கும். இரண்டிற்கும் வேறுபாடு ஒரு சிறு சொல்லே. எனினும் முதலாவது உலகிலுள்ள உருளைக்கிழங்குகளைப் பற்றிய பொது விதி. கிழங்குகளுள் பச்சை படர்ந்தவை தீங்கானவை, மற்றவற்றைப் பற்றிப் பேச்சில்லை என்பதே அதன் பொருள். இரண்டாவது, பேசுவோரும் கேட்போரும் அறிந்த ஒரு குவியலைப் பற்றியது. அக்குவியலின் நிறம் பேசுபவருக்குத் தெரியவில்லை. தெரிந்தால் முடிவு சொல்லிவிடலாம். முன்னதில் ‘இஃப்’ தொடர் ஓர் இனத்தை வகைப்படுத்துகிறது. பின்னதில் அறியாமையைக் குறிக்கிறது. ‘உருளைக்கிழங்குகள் பச்சையாக இருந்தால் தீங்கானவை’ என்னும் தமிழாக்கம் இரண்டிற்கும் பொதுவாக நின்று, எதனையும் தெளிவாகச் சொல்லாமற் போகிறது. (‘பச்சை’ என்பதற்கு வேகாதது என்னும் பொருளும் உண்டாதலால் சமையலறையில் இம்மொழிபெயர்ப்பு இன்னும் ஒரு குழப்பத்தை விளைக்கும் என்பது வேறு செய்தி.)

அடையற்ற பன்மைப் பெயர் ஆங்கிலத்தில் ஓர் இனத்தின் பெயராக நிற்கிறது என்பதைக் கிரெகரி கார்ல்சன் 1977ஆம் ஆண்டு ஆய்வேட்டில் விரிவாக நிறுவினார். பயனிலை நிலையான பண்பைக் குறிப்பதா, ஒரு காலத்து நிலையைக் குறிப்பதா என்பதைப் பொறுத்து இப்பெயரின் பொருள் மாறும் என்பதும் அவர் காட்டியதே. அதற்கு ஈராண்டு முன்னர், 1975இல், டேவிட் லூயிஸ் ‘வழக்கமாக’, ‘எப்போதும்’, ‘அரிதாக’ போன்ற வினையடைகள் காலத்தை மட்டும் எண்ணுவன அல்ல என்றும், ‘இஃப்’ தொடர் அவ்வெண்ணிக்கையின் எல்லையை வரையறுப்பதற்கே வருகிறது என்றும் வாதிட்டார். அஞ்சலிகா கிராட்சர் 1986இல் இதனைப் பொதுமைப்படுத்தினார். அவர் கருத்துப்படி ‘இஃப்’ இரண்டு வாக்கியங்களை இணைக்கும் தருக்க இணைப்பன்று. வேறோர் அளவைச் சொல்லுக்கு எல்லை வகுக்கும் கருவி. கண்ணுக்குத் தெரியும் அளவைச் சொல் இல்லாதபோதும், ஒலியற்ற ஒன்று அங்குண்டு எனக் கொள்ள வேண்டும்.

அடையற்ற பன்மையையும் ‘இஃப்’, ‘வென்’ தொடர்களையும் நேரடியாக எதிர்நிறுத்தி ஆராய்ந்தவர்கள் டோங்கா ஃபார்க்கஷும் யோகோ சுகியோக்காவும் ஆவர். 1983இல் வெளியான அவர்தம் கட்டுரை, இத்தகைய தொடர்கள் பொருள் நிலையில் பெயரை விசேடிக்கும் பெயரெச்சத் தொடர்களை ஒப்பன என்பதை எடுத்துக்காட்டியது. இவ்வொப்புமை பயனுடையது, ஆனால் முழுமையானதன்று. ‘இத்தெருவில் உள்ள கடைகள் பழையவை’ என்பதை ஆங்கிலத்தில் பெயரெச்சத் தொடரால் இயல்பாகச் சொல்லலாம். அதனையே ‘கடைகள், இத்தெருவில் இருந்தால், பழையவை’ என ‘இஃப்’ கொண்டு சொன்னால் ஆங்கிலங் கேட்போர் ஏன் என்று வினவுவர். தெருவிற்கும் பழமைக்கும் ஏதோ ஒரு விதித் தொடர்பு உண்டென்னும் எதிர்பார்ப்பை ‘இஃப்’ எழுப்பிவிடுகிறது. பெயரெச்சம் அடையாளம் காட்டுவதோடு அமையும். ‘இஃப்’ காரணத்தையும் உடன் கொணரும். உருளைக்கிழங்கு வாக்கியம் தங்குதடையின்றி நிற்பதற்குக் காரணம், பச்சை நிறமும் நச்சுத்தன்மையும் கிழங்கில் ஒளி பட்டதால் ஒருங்கே மிகுபவை என்பதே. ஆதலின் எல்லை வகுத்தல் என்பது ‘இஃப்’ தொடரின் செயலில் பாதி மட்டுமே. ஃபார்க்கஷ், சுகியோக்கா வழியினர் மற்றப் பாதிக்கு உரிய இடத்தைத் தரவில்லை எனலாம்.

எனினும் எல்லைக் கொள்கையைக் கைவிட்டுத் தருக்க இணைப்புக்குத் திரும்புதல் தீர்வாகாது. ஜேம்ஸ் ஹிகின்பாதம் 1986இல் எழுப்பிய சிக்கல் இதனை உறுதிப்படுத்தும். ‘நோ’ என்னும் எதிர்மறை அளவைச் சொல்லோடு, ‘எந்த மாணவனும் சோம்பியிருந்தால் தேறமாட்டான்’ என்னும் பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம் அமைவதாகக் கொள்க. ‘இஃப்’ தொடரைத் தருக்க நூலார் கூறும் பொருள்வழி உட்கிடையாகக் கொண்டால், எல்லா மாணவரும் சோம்பேறிகள், ஒருவரும் தேறார் என்று வாக்கியம் கூறுவதாக முடியும். ஆங்கிலம் பேசும் எவரும் அதனை அப்படிப் புரிந்துகொள்வதில்லை. அடையற்ற பன்மையை இட்டுச் சொன்னால் இச்சிக்கல் தோன்றுவதே இல்லை. எண்ணிக்கைச் சொல் வெளிப்பட நில்லாமையால், எல்லை வகுக்கும் பணி தடையின்றி நிகழ்ந்துவிடுகிறது.

‘இஃப்’ தொடரில் எழுவாயைச் சுட்டும் பதிற்பெயர் இல்லாதவிடத்து வகைப்படுத்தும் பொருளுக்கு இடமில்லை. ‘கிராப்ஸ் ஃபெயில் இஃப் தி ரெயின்ஸ் ஆர் லேட்’ என்பதில் பயிர்கள் வகைப்படவில்லை, பருவங்களே வகைப்படுகின்றன. இங்கு ‘ஆல்’ எச்சம் முற்றும் பொருந்தும். பதிற்பெயர் இருந்தும் இரு பண்புகளும் நிலையற்றவையாயின், ‘நாய்கள் பசித்தால் குரைக்கும்’ என்பதிற்போல, நாயும் சமயமும் சேர்ந்தே எண்ணப்படும். அங்கும் ‘ஆல்’ குற்றமாகாது. இடர் விளைவது பெரும்பாலும் பயனிலை நிலைபேறுடைய பண்பைக் கூறும்போது.

‘வுட்’ என்னும் துணைவினை சேரும்போது ஆங்கில வாக்கியத்தின் போக்கே மாறுகிறது. ‘யானைகள் இறைச்சி உண்டால் ஆபத்தானவை’ என நிகழ்காலத்தில் கூறின், இறைச்சி உண்ணும் யானைகள் சில உண்டோ என்னும் ஐயம் எழும். ‘வுட்’ இட்டு, துணைத்தொடரை இறந்தகால வடிவில் அமைத்தால், யானையினம் முழுவதும் வேறோர் உலகிற்கு மாற்றப்படுகிறது. அங்கே உட்பிரிவு எதுவும் பேசப்படவில்லை. தமிழில் இவ்வேறுபாட்டை எச்சம் காட்டாது. ‘ஆல்’ இறந்தகால அடியோடு சேரினும் காலம் உணர்த்துவதன்று. ‘உண்பனவாக இருந்திருந்தால் ஆபத்தானவையாக ஆகியிருக்கும்’ என முற்றுவினையும் துணைவினைகளுமே அதனைச் சுமக்க வேண்டும்.

இதனினும் கடுமையானது, இறந்தகால வழக்கத்தைக் கூறும் ‘வுட்’. ‘ஃபார்மர்ஸ் வுட் லீவ் தெயர் வில்லேஜஸ் இஃப் தி ரெயின்ஸ் ஃபெயில்ட்’ என்னும் வடிவத்திலுள்ள வாக்கியம் வரலாற்று நூலில் வந்தால் இரு பொருள் தரும். முன்னாளில் மழை பொய்த்தபோதெல்லாம் உழவர் ஊரைவிட்டு அகல்வது வழக்கம் என்பது ஒன்று. மழை பொய்க்குமாயின் அவர் அகலக்கூடும் என்னும் கற்பனை மற்றொன்று. முதற்பொருளில் அது நடந்தவற்றின் பதிவு. இரண்டாவதில் நடவாத ஒன்றைப் பற்றிய ஊகம். ‘அகன்றிருப்பர்’ என மொழிபெயர்ப்பவர் ஒரு பஞ்ச காலத்துச் செய்தியை ஊகமாக்கிவிடுகிறார். படிப்பவர்க்கு மூலம் கையில் இல்லாதபோது இதனைக் கண்டுபிடிக்க வழியில்லை. ‘மழை பொய்த்தால் உழவர் ஊரைவிட்டுச் செல்வது வழக்கமாயிருந்தது’ என்றோ, ‘பொய்த்த போதெல்லாம் சென்றனர்’ என்றோ எழுதுவதே முறை. உழவர் குறிப்பிட்ட சிலராக ‘தி’ பெற்று வந்தாலும் வழக்கப் பொருள் தோன்றலாம். அடையற்ற பன்மையோடு அது மிக எளிதாகத் தோன்றுகிறது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

தமிழ்ப் பெயரின் இயல்பும் இச்சிக்கலில் பங்கு கொள்கிறது. பால்பகா அஃறிணைப் பெயர் என மரபிலக்கணம் குறிப்பிடும் சொற்கள், ‘கள்’ ஈறு பெறாமலே ஒருமைக்கும் பன்மைக்கும் வரும். ‘மாடு மேயும்’ என்பது இனத்தைக் குறிக்கப் போதும். இனப்பொருளுக்கு ஈறற்ற வடிவம் எளிதாகக் கிடைப்பதால், ‘கள்’ சேர்ந்த வடிவம் எண்ணத்தக்க ஒரு கூட்டத்தை நினைவூட்டும் போக்குடையது. ஆங்கிலப் பன்மையைக் கண்டவுடன் ‘கள்’ இடும் பழக்கம், அடையற்ற பன்மையை ‘தி’ பெற்ற பன்மையின் பக்கம் தள்ளிவிடுகிறது. ‘மாத்திரைகள் நிறம் மாறியிருந்தால் எறிந்துவிடவும்’ என்னும் மருந்துக் குறிப்பைப் படிப்பவர், குப்பியில் ஒன்று நிறம் மாறினால் அதனை மட்டும் எறிவதா, அனைத்தையும் எறிவதா என்று திகைப்பார். ஆங்கில மூலம் அடையற்ற பன்மையாயின் அது ஒவ்வொன்றையும் தனித்தனியே பற்றியது.

பெயரெச்சத்தால் ‘நிறம் மாறிய மாத்திரைகளை எறிந்துவிடவும்’ எனலாம். தெளிவு கிட்டும், ஆனால் மேலே கூறிய காரணத் தொடர்பு மெலிந்துவிடும். நிபந்தனையையும் வகைப்பாட்டையும் ஒருங்கே தாங்கும் வடிவம் ஒன்று தமிழிலேயே உண்டு. பெயரெச்சத்தால் விசேடிக்கப்பட்ட ஒருமைப் பெயரோடு ‘ஆயின்’, ‘ஆனால்’, ‘என்றால்’ ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்ப்பதே அது: ‘நிறம் மாறிய மாத்திரையாயின் எறிந்துவிடவும்’, ‘பச்சை படர்ந்த கிழங்கானால் உண்ணலாகாது’. பேச்சுவழக்கில் ‘பச்சை படர்ந்த கிழங்குன்னா வேணாம்’ என்பது எவரும் கற்பிக்காமலே வரும். தொல்காப்பியமும் நன்னூலும் வினையெச்ச வாய்பாடுகளுள் எண்ணும் ‘செயின்’ என்பதன் வழியில் வந்ததே ‘ஆயின்’. மொழிபெயர்ப்பாளர் இதனைப் பழைய நடையென ஒதுக்குவதும், ‘இருந்தால்’ என்பதையே எங்கும் இடுவதும் விளங்காத புதிராகும்.

உயர்திணைப் பெயர்களில் இத்தீர்வு அத்துணை எளிதன்று. அங்குப் பன்மை ஈறு பெரும்பாலும் விலக்க முடியாதது. ஜார்ஜ் கூட் என்னும் ஆங்கிலேயர் 1840களில் சட்ட வாக்கியத்தை நேர்வு, நிபந்தனை, சட்ட எழுவாய், சட்டச் செயல் என நான்கு உறுப்புகளாகப் பகுத்தார். எழுவாயை விளக்கும் தொடரையும் செயலுக்கு முன்தேவையான நிபந்தனையையும் கலவாது வைத்தல் அப்பகுப்பின் பயன்களுள் ஒன்று. உண்மையை மறைத்தால் தகுதியிழப்பு என்னும் விதியைத் தமிழில் ‘விண்ணப்பதாரர்கள் உண்மையை மறைத்தால் தகுதியிழப்பர்’ என வரைந்தால், கூட்டாக விண்ணப்பித்த மூவருள் ஒருவர் மறைத்தபோது மற்ற இருவர் நிலை என்ன என்பது வழக்கிற்கு உரியதாகிவிடும். ‘உண்மையை மறைத்தவர் விண்ணப்பதாரருள் எவராயினும் அவர் தகுதியிழப்பார்’ என்பது சற்று நீளம். ஆயினும் தகுதியிழப்பவர் யார் என்பதில் அது ஐயம் வைப்பதில்லை.