270 பேர்

றெஸ்ரோறண்டில் கோப்பை கழுவி முடித்துவந்து, இரவிரவாக நாங்கள் மாறிமாறி வாசித்த புத்தகம் றோமியோ டலேரின் 'ஷேக் ஹாண்ட்ஸ் வித் த டெவில்' (2003). 1994இல் றுவாண்டாவில் ஐ.நா. படைக்குத் தளபதியாயிருந்த கனடியர் எழுதியது. ஐநூறு பக்கங்களுக்கு மேல். பெற்றோல், தண்ணீர், ஓடாத வாகனங்கள் என்று இராணுவக் கணக்கேடு மாதிரிச் சலிப்பூட்டும். ஆனால் அந்தக் கணக்குத்தான் நூலின் பலம் என்போம்.

கொலைகள் தொடங்கிய சில நாட்களிலேயே பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் கிகாலியில் வந்திறங்கின: வெளிநாட்டவரை ஏற்றிப்போக. நாடுகளுக்குள் ஒத்துழைப்பு இல்லையென்று யார் சொன்னது? ஏப்ரல் 21இல் பாதுகாப்புச் சபை, சுமார் 2500 பேர் கொண்டிருந்த படையை 270 ஆகக் குறைக்க ஒருமனதாய் வாக்களித்தது. அதையும் மீறி நின்றவர்களில் பெரும்பாலானோர் கானாக்காரர்.

'அமைதிப்படை' என்ற சொல்லை 1987க்குப் பிறகு எங்களால் சாதாரணமாய் வாசிக்க முடிவதில்லை. நாங்கள் வந்த படையால் பட்டவர்கள். இந்தப் புத்தகத்தில் இருப்பவர்களோ படை போனதால் செத்தவர்கள்.

குறை ஒன்று உண்டு. டலேர் தன் குற்றவுணர்வை எழுதுமளவுக்குத் துற்சி மக்களை எழுதவில்லை. அமஹோறோ மைதானத்தில் தஞ்சமடைந்த ஆயிரக்கணக்கானோர் கூட்டமாகவே வருகிறார்கள். ஒரு முகமும் எங்கள் மனதில் நிற்கவில்லை.