மகளை வேண்டிய தந்தை: முவிந்தோ கதையில் பரியமும் அத்தை உறவும்

காங்கோவின் கிழக்கே வாழும் ந்யாங்கா மக்களின் முவிந்தோ கதையை 1956இல் ருரெகே என்னும் கதைசொல்லி 12 நாள்கள் நிகழ்த்தினார். பீபாய்க்கும் மத்தேனேயும் அதனை 1969இல் நூலாக்கினர். துபோந்தோவின் தலைவன் ஷெமுவிந்தோ, தன் ஏழு மனைவியரும் பெண்மகவையே ஈனவேண்டும், ஆண் பிறப்பின் கொல்வேன் என ஆணையிடுகின்றான். மகளுக்குப் பரியம் வரும் என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். பெண்சிசுக்கொலைச் செய்திகளுக்குப் பழகிய வாசகர்க்கு இவ்வாணை ஒருவகை நிறைவைக்கூடத் தரலாம். அந்நிறைவு பிழையானது. இங்கு மகள் வேண்டப்படுவது அவள் பொருட்டன்று, அவள்வழி வரும் பொருளின் பொருட்டு.

எனினும் பரியத்தைக் கொண்டே கதை முழுவதையும் விளக்குவோர் இயாங்குராவைக் கவனிப்பதில்லை. ஷெமுவிந்தோவின் உடன்பிறந்தாளான இவள் நீர்ப்பாம்பு முகித்திக்கு மணம்செய்து கொடுக்கப்பட்டவள். கணவனின் காவலுக்குள் வாழ்பவள். தந்தை முரசினுள் அடைத்து நீரிலிட்ட முவிந்தோ, அவளை நோக்கியே செல்கின்றான். முரசைக் கிழித்து அவனை மீட்பவளும் அவளே. பின்னர் மருமகனுடன் பிறந்த ஊருக்குத் திரும்பி, மக்களை நல்லவர் தீயவர் எனப் பிரித்த தமையனையும் அவன் அவையோரையும் ஊரார்முன் கடிந்துரைக்கின்றாள். மணத்தால் பிறந்தவீட்டு உரிமை அற்றுப்போகுமெனில் இவ்வுரைக்குக் கதையில் இடமே இராது.

பாதாளம்வரை துரத்திப் பிடித்த தந்தையை மகன் கொல்லாமல் விடுவது இக்கால வாசகர்க்கு ஏமாற்றமளிக்கலாம். ஆயின் அத்தலைவன் அவைமுன் தன் குற்றத்தை வாய்விட்டு ஒப்புக்கொண்ட பின்னரே ஆட்சி இருவருக்கும் பகிரப்படுகின்றது.