தோட்டத்து எல்லையும் அரசின் வாசலும்: மலையக நலச்சேவைகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

நுவரெலியாவிலிருந்து இராகலை செல்லும் பாதையிலே கந்தப்பளை அமைந்துள்ளது. அங்குள்ள ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1996ஆம் ஆண்டு உல்லாச விடுதியாக மாற்றப்பட்டது. கொழுந்து வாட்டிய தளங்கள் இன்று விருந்தினர் அறைகளாக விளங்குகின்றன. பழைய இயந்திரங்கள் காட்சிப் பொருள்களாகப் பேணப்படுகின்றன. சூழவுள்ள மலைகளின் லயங்களுக்கு இத்தகைய புத்துயிர் வாய்க்கவில்லை. தொழிற்சாலையைப் புதுக்க முன்வருவதற்கு ஓர் உரித்தாளர் இருந்தார். லயத்தைப் பழுதுபார்க்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினாவோ தோட்டக் காரியாலயத்திற்கும் அரச கந்தோருக்கும் இடையில் நெடுங்காலமாக அலைந்து கொண்டிருக்கின்றது.

மலையக மக்களின் கல்வி, சுகாதாரம், சமூகநலன் ஆகியவை பற்றிப் பேசப்படும்போது 'கூட்டு முயற்சி', 'பங்காண்மை' ஆகிய சொற்கள் தாராளமாக வழங்கப்படுகின்றன. அரசு இம்மக்களுடன் கூடிச் செயற்பட்டுள்ளதா, அன்றி இம்மக்களை நிர்வகித்தவர்களுடன் கூடிச் செயற்பட்டுள்ளதா என்பதே ஈண்டு ஆராயப்பட வேண்டியது.

இவ்வழக்கத்தின் வேர் குடியேற்றவாத ஆட்சியில் உள்ளது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் நோயுற்றோரைக் கவனிக்கும் கடமையைத் துரைமாரிடம் ஒப்படைத்தது. 1920இன் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியையும் அவர்களிடமே விட்டது. மனிதாபிமானம் இச்சட்டங்களில் முற்றாக இல்லையெனக் கூறுவது நியாயமாகாது. எனினும், தொழிலாளியின் நோயும் அவன் பிள்ளையின் எழுத்தறிவும் அவனை வேலைக்கமர்த்தியவனின் பொறுப்பு என்ற கருத்து அன்று நிலைநாட்டப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கிய பின்னர் அக்கருத்து மேலும் இறுகியது. குடிமகனல்லாதவன் எந்த உரிமையைக் காட்டி அரசின் வாசலில் நிற்பான்?

கல்வித் துறையிலே இவ்வெல்லை ஓரளவு தகர்ந்தது. 1970களின் பிற்பகுதி முதல் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசினாற் பொறுப்பேற்கப்பட்டன. அதுவரை பெரும்பாலானவை ஒற்றையாசிரியர் பாடசாலைகளே. ஐந்தாம் வகுப்புடன் கல்வி முற்றுப்பெற்றது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடனின் உதவி கட்டடங்களாக வந்தது. ஜேர்மனியின் உதவியுடன் பத்தனையில் சிறீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. எனினும் மாற்றத்தின் உயிர்நாடி மலையக இளைஞரும் யுவதியரும் நூற்றுக்கணக்கில் ஆசிரியராக நியமிக்கப்பட்டதிலேயே உள்ளது. சேவையைப் பெற்ற சமூகம் சேவையை நடத்தும் நிலைக்கு வந்த ஒரே துறை இதுவாகும். பிள்ளையைத் தன் பாடசாலையில் ஏற்றுக்கொண்ட அரசு, அப்பிள்ளையின் பெற்றோருட் பலரை 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரும்வரை பிரசைகளாக ஏற்கவில்லை என்பதும் உடன் மனங்கொள்ளத்தக்கது. உயர்தர விஞ்ஞான, கணித வகுப்புகளின் பற்றாக்குறை இன்றும் தீரவில்லை. ஆயினும் அக்குறையை யாரிடம் முறையிடுவது என்பது பெற்றோருக்குத் தெரியும். அது அற்ப முன்னேற்றமன்று.

சுகாதாரத் துறையின் கதை வேறு. 1975இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. அவ்வாண்டே அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் இணைந்த நலன்புரி நிதியம் தோன்றியது. அதுவே 2002இல் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப் பெயர் பெற்றது. குடிநீர், மலகூடம், வீடமைப்பு, பிள்ளைமடுவம் ஆகியவற்றில் அது ஆற்றிய பணியை மறுத்தல் பொருந்தாது. ஆனால் அம்முத்தரப்பில் மக்களின் இடம் யாது? தொழிற்சங்கம் அவர்களைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறது என்பர். சங்கச் சந்தா சம்பளத்திற் கழிக்கப்படுவது. சம்பளம் செக்றோலில் பெயருள்ளவருக்கே உரியது. கொழும்புக் கடையில் வேலைசெய்யும் மகனும், மத்திய கிழக்கிலே பணிப்பெண்ணாக உள்ள மகளும், ஓய்வுபெற்ற தாயும் லயத்தின் குடிகளே. செக்றோலிலோ அவர்கள் இல்லை. அரச வைத்திய சேவை பல தோட்டங்களின் மருந்துச் சாலைகளை இன்னும் முழுமையாகப் பொறுப்பேற்கவில்லை. பிரசவ வேதனையுற்ற பெண் தோட்டத்து லொறிக்காகக் காத்திருந்த கதைகள் மலையகத்தில் எவருக்கும் புதியனவல்ல.

இம்மக்களிடம் விரைந்து சென்றடைந்த சேவையும் ஒன்றுண்டு. அது கருத்தடைச் சத்திரசிகிச்சை. நாட்டின் ஏனைய பகுதிகளைவிடத் தோட்டத்துறையில் அதன் விகிதம் உயர்ந்திருந்ததைக் குடிசன, சுகாதார மதிப்பீடுகள் காட்டியுள்ளன. பொறுப்பெடுக்கத் தயங்கிய கரம் இவ்விடயத்தில் மட்டும் தயங்கவில்லை. கேட்டறிந்து செய்வதற்கும் எண்ணிக் கணக்கிட்டுச் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக விளக்கும் சான்று அரிது.

பிறநாட்டு அனுபவம் நோக்கத்தக்கது. மலையக மக்கள் ஆதிக்குடிகளல்லர். இருநூறாண்டு வரலாறுடைய உழைப்பாளர் சமூகத்தினர். இவ்வேறுபாட்டை மனத்திருத்தியே ஒப்பிடல் வேண்டும். அவுஸ்திரேலியாவில் 1971ஆம் ஆண்டு சிட்னியின் ரெட்பேர்ன் பகுதியில் ஆதிக்குடியினர் தாமே ஒரு வைத்திய நிலையத்தைத் தொடங்கினர். கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தில் மத்திய அரசு நடத்திய சுகாதாரத் திட்டங்களை 2013இல் ஆதிக்குடிகளின் சொந்த அதிகாரசபை பொறுப்பேற்றது. அங்கெல்லாம் 'கூட்டு' என்ற சொல்லின் பொருள், திட்டமிடும் மேசையில் நோயாளியின் சமூகத்திற்கும் ஒரு நாற்காலி என்பதாகும்.

இலங்கையிலோ 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபை நிதியைத் தோட்டத்துள் செலவிடுவதற்கே தடையாக விளங்கியது. கந்தப்பளையின் தோட்டவாசி சபைக்கு வாக்களித்தாலும் அவர் லயத்துப் பாதைக்குச் சபை கல்லிட முடியாதிருந்தது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டே மலையகப் புதிய கிராமங்களுக்கான அதிகார சபையும் சட்டமாயிற்று. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற கொள்கையின்கீழ் வீடுகள் பல எழுந்துள்ளன. காணி உறுதிகள் அவ்வேகத்தில் வரவில்லை. பல தோட்டங்களில் லயத்துக் குடும்பத்திற்குத் தனி முகவரியும் இல்லை. பல்கலைக்கழக அனுமதிக் கடிதமாயினும் வைத்தியசாலைக் கிளினிக் அறிவித்தலாயினும் முதலில் தோட்டக் காரியாலயத்திற்கே செல்கின்றது. அங்கிருந்து யாராவது எடுத்துவரும் நாளில் உரியவர் கையை அடைகின்றது.