குதிரையைக் காதால் தேர்ந்தெடுங்கள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் குதிரை வாங்க வருகிறவர்களைக் கவனியுங்கள். முதலில் உடம்பிலுள்ள மயிர்ச்சுழி பார்ப்பார்கள். பிறகு நிறம், உயரம், காது வளைவு. சித்தூர், கொல்லங்கோடு, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் அப்படித்தான். தத்தமங்கலம் அங்காடி வேலா திருவிழாவின் குதிரை ஓட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதோடு வேகத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். முதுகுவலியோடு சவாரி செய்ய ஆசைப்படுகிறவர் மட்டும் இதையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு, நடையில் தொடங்க வேண்டும்.

டிஸ்க் பிதுங்கியவர்கள், எலும்பு பலவீனமானவர்கள், முதுகில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சேணத்தில் ஏற வேண்டாம். அவர் சரி என்று சொன்னவர்களுக்குத்தான் இனி வருவதெல்லாம்.

காது

பாலக்காட்டு மணி ஐயரின் மிருதங்கம் ஒலித்த வட்டாரத்தில் குதிரை நடையைச் சொற்கட்டாகவே சொல்லிவிடலாம். மெதுவாக நடக்கும் குதிரை நான்கு கால்களையும் ஒவ்வொன்றாக ஊன்றும்: த–க–தி–மி. டிராட் என்னும் ஓட்டநடையில் முன்னங்கால் ஒன்றும் எதிர்ப்பக்கப் பின்னங்கால் ஒன்றும் சேர்ந்து விழும். நான்கு கால்களுக்கு இரண்டே ஒலி. இரண்டுக்கும் நடுவே குதிரை ஒரு கணம் தரையை விட்டு எழும்பி இறங்கும். அந்த இறக்கத்தைத்தான் உங்கள் இடுப்பு வாங்குகிறது. அதைவிட வேகமான கேன்டரில் மூன்று ஒலி, தகிட. அதன்பின் சிறு இடைவெளி.

முதுகுவலிக்காரர் தேட வேண்டியது இன்னொரு நடை. வேகம் கூடினாலும் தகதிமி கலையாமல், எந்த நேரமும் ஒரு காலாவது தரையில் இருக்கும் நடை. குதிரை எழும்பி விழுவதே இல்லை என்பதால் மேலே இருப்பவருக்கும் குலுக்கல் குறைவு. மார்வாரி, கத்தியவாடி, கட்ச்சி-சிந்தி இனக் குதிரைகள் சிலவற்றுக்கு இது பிறவியிலேயே வரும். வடக்கே இதை ரேவால் என்கிறார்கள். ஐஸ்லாந்துக் குதிரையின் டோல்ட், தென்னமெரிக்காவின் பாசோ ஃபினோ நடை எல்லாம் இதே குடும்பம்.

காதைப் பழக்கக் காசு செலவில்லை. கொடைக்கானல் ஏரிச் சாலை ஓரமாக நின்றுகொண்டு, தார் ரோட்டில் லாடம் அடித்த குதிரைகள் போகும்போது கண்ணை மூடிக் கேளுங்கள். எது நடை, எது டிராட் என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து சரிபாருங்கள். இரண்டும் பிடிபட்ட பிறகு, நான்கு ஒலியும் சம இடைவெளியில் வருகிறதா, இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்கிறதா என்று பிரித்துக் கேளுங்கள். லேசாக ஒட்டினாலும் பரவாயில்லை. ஒரே பக்கத்து இரண்டு கால்களும் முழுக்கச் சேர்ந்து விழுந்தால், குதிரை உங்களை இடவலமாக ஆட்டும். இடுப்பு வலிக்கு அதுவும் ஆகாது. பாசோ ஃபினோ போட்டிகளில் மரப்பலகை மேல் குதிரையை நடத்துவதே நடுவர் இந்தச் சீரைக் காதால் அளக்கத்தான்.

கண்

குதிரையின் காலையே பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். சவாரி செய்பவரின் தோளைப் பாருங்கள். பின்னால் ஒரு மதில் இருந்தால் அதன் மேல்கோட்டோடு ஒப்பிடுங்கள். தோள் கோட்டுக்கு மேலும் கீழும் குதித்தால் அது டிராட். ஒரே மட்டத்தில் வழுக்கிக்கொண்டு போனால் நீங்கள் தேடி வந்த நடை.

சந்தையில் கூட்டம் சேர்ப்பது நாட்டியக் குதிரைதான். முட்டியை நெஞ்சுவரை தூக்கி ஆடும் அழகில் மயங்கி, இதன் நடை மெத்தென்று இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அது பழக்கிக் கொடுத்த ஆட்டம். பயண நடை வேறு.

குதிரை நிற்கும்போது குளம்புக்கும் அதற்கு மேலுள்ள மூட்டுக்கும் இடைப்பட்ட பகுதியைப் பாருங்கள். அது செங்குத்தாக நின்றால் தரையின் அடி நேரே மேலேறும். மிதமாகச் சாய்ந்திருந்தால் அங்கேயே ஓரளவு அடங்கும். வயிறு அகன்ற குதிரை உங்கள் தொடைகளை விரித்து இடுப்பைப் பிடிக்க வைக்கும். பதினாலு, பதினாலரைப் பிடி உயரம் போதும். ஒரு பிடி என்பது 4 அங்குலம். ஏறி இறங்கத் திண்ணையோ மேடையோ கட்டாயம். அங்கவடியில் தொங்கி ஏறும்போதே பலருக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது.

இடுப்பு

விற்பவரை முதலில் ஓட்டச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் ஏறி நடை, வேக நடை, திரும்பல், நிறுத்தல் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஐஸ்லாந்தில் நிறைந்த பீர் கோப்பையைக் கையில் ஏந்தி, சிந்தாமல் டோல்ட் ஓட்டும் போட்டி உண்டு. நமக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். அதை நீங்கள் ஏந்த வேண்டாம். ஓட்டிக் காட்டுகிறவர் கையில் கொடுங்கள்.

மூணாறு, தேவிகுளம் பக்கம் வாங்குகிறவர்கள் இறக்கத்திலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். சமதரையில் சீராகப் போகும் குதிரை சரிவில் அடியை உடைத்துக்கொள்வது உண்டு. பஸ் ஹாரனுக்கு மிரளுகிறதா என்பதும் முக்கியம். திடீரென்று பக்கவாட்டில் துள்ளும் ஒரு துள்ளல், அரை மணி நேர டிராட்டைவிட முதுகுக்குக் கெடுதல்.

“பழக்கினால் வந்துவிடும்” என்ற பேச்சை முழுதாக நம்ப வேண்டாம். டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றத்துக்கும் இத்தகைய நடைகளுக்கும் தொடர்பு உண்டு என்று ஸ்வீடன் விஞ்ஞானிகள் 2012-ல் கண்டார்கள். கால்களை ஒருங்கிணைக்கும் தண்டுவட நரம்புகளோடு தொடர்புள்ள மரபணு அது. பழக்கம் நடையைத் தீட்டும். இல்லாததைக் கொண்டுவருவது கடினம்.

வலியால் வரும் மென்நடையும் உண்டு. குளம்பில் நோவு உள்ள குதிரை அடியைச் சுருக்கி வைக்கும். புதியவருக்கு அது மென்மையாகத் தெரியும். ஒரு குறிப்பிட்ட முன்னங்காலை ஊன்றும்போது மட்டும் தலை மேலெழுந்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வாயில் முள் கடிவாளம் இருந்தால் அங்கேயே பேரத்தைக் கைவிடுங்கள். அது சட்டத்துக்கும் புறம்பு.

எல்லாம் பிடித்திருந்தாலும் அன்றைக்கே முன்பணம் கொடுக்காதீர்கள். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள். முதுகின் தீர்ப்பு பெரும்பாலும் மறுநாள் காலையில்தான் வரும். படுக்கையிலிருந்து வழக்கம்போல எழ முடிந்தால் விலை பேசப் போகலாம். சுழி சரியில்லை என்று மற்றவர்கள் ஒதுக்கிய குதிரையாக இருந்தால் விலையும் குறையும்.