லாவ் பா சனி

2014இல் சிங்கப்பூரின் லாவ் பா சாட் உணவங்காடிக்கு வழிகாட்டிய பலகையொன்றில், தமிழில் ‘சாட்’ இருக்கவேண்டிய இடத்தில் ‘சனி’ இருந்தது. மூன்று ஆங்கில எழுத்து சனிக்கிழமையாக விரிந்துவிட்டது. எல்லாரும் சிரித்தோம்; நம்ம ஊர்ச் சனி வெறும் கிழமையா, பிடித்து ஆட்டுகிற ஆசாமியாச்சே! பெயருக்கு ஹொக்கியனில் ‘பழைய சந்தை’ என்று பொருள். ‘பா சாட்’ மலாயின் பசார்தான். அதுவும் பாரசீகத்திலிருந்து வந்தது. இத்தனை மொழி தாண்டி வந்த சொல் கடைசியில் தமிழில் தடுக்கி விழுந்திருக்கு.

இதை மொழிபெயர்ப்புப் பிழை என்று முடித்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். பலகை நடப்படும்வரை அதைத் தமிழாக யாரும் வாசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ‘தமிழும் இருக்கு’ என்று காட்டினால் போதும் என்றால், எழுத்து வெறும் சின்னம். அதில் சனியும் ஒன்றுதான், சாட்டும் ஒன்றுதான். அந்தப் பக்கம் போன யாரோ நின்று வாசித்த பிறகே அது தப்பாச்சு. பலகையைத் திருத்திவிட்டார்கள்.