கட்டைவிரல் கேட்ட ஆசான்

கற்பிக்க மறுத்தவனுக்குக் காணிக்கை எதற்கு, தோழர்களே? ஏகலைவன் கதையைப் போற்றிப் புகழும் பாரதப் பிரசங்கிகள் இதற்கு விடை பகர்வதில்லை. வேடர் குலத்தவன் என்று விலக்கினான் துரோணன்; மண்ணால் உருச்செய்து வைத்து, தானே பயின்று தேர்ந்தான் ஏகலைவன். ஆசான் செய்தது ஒன்றே: அருச்சுனனை மிஞ்ச ஒருவன் வந்துவிட்டான் என்றதும், வலக்கைக் கட்டைவிரலைக் கேட்டான்! கொடுத்தவன் குருபக்தனாம், கேட்டவனுக்கு என்ன பெயர்?

கொடுங்கையூர் லேத் பட்டறையில் தொழில் பழகும் என் பழைய மாணவனிடம் இக்கதையைச் சொன்னேன். மைக்ரோமீட்டரைத் திருகிக்கொண்டே, "கட்டைவிரல் போனால் அளவெடுப்பது எப்படி, சார்?" என்றான்.

தொழில் பழகுநருக்கு உதவித்தொகை தரச் சொல்லும் 1961 ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய சிறு பட்டறைகளைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆயினும் அவனுடைய மேஸ்திரி வாரக்கூலியும் தந்து, கைப்பக்குவத்தையும் ஒளிக்காமல் காட்டுகிறார். பையன் தம்மை மிஞ்சிவிட்டான் என்று பக்கத்துப் பட்டறைகளில் சொல்லிச் சிரிக்கிறார்.