குறளனும் கூனியும்

உடற்குறை உடையாரை இலக்கியம் எவ்வாறு காட்டுகின்றது என்னும் வினா, அவர்தம் உடலைப் பற்றியது மட்டும் அன்று. காண்பார் கண்ணைப் பற்றியதும் ஆகும். கலித்தொகையின் 94ஆம் பாட்டையும் அண்மைக்காலத் திரைப்படங்கள் மூன்றனையும் ஒருங்கு வைத்து நோக்கின் இவ்வுண்மை விளங்கும்.

மருதக்கலியைச் சார்ந்த அப்பாட்டு, அரண்மனை ஏவலராகிய குறளன் ஒருவனும் கூனி ஒருத்தியும் நிகழ்த்தும் உரையாட்டு. அவன் வேட்கையைப் புலப்படுத்துகின்றான். அவள் அவன் குறுமையை எள்ளுகின்றாள். அவனும் அவள் கூனை எள்ளுகின்றான். ஈற்றில் இருவரும் இகழ்ச்சி ஒழிந்து மனம் ஒன்றுகின்றனர். அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே வைத்தது தொல்காப்பிய மரபு. அதனால் இப்பாட்டு வெறும் நகைச்சுவைக்கென்றே எழுந்தது எனக் கொள்வாரும் உளர். அக்கருத்து ஒருமருங்கே பொருந்தும். என்னை? இங்கே எள்ளுதல் ஒருதலையாக நிகழவில்லை. பெண்ணும் ஆணுக்கு நிகராக விடையிறுக்கின்றாள். அன்றியும், கோயிலில் உள்ளார் கண்டு நகாவண்ணம் புறத்தே சோலைக்குச் செல்லும் எண்ணம் பாட்டின் ஈற்றில் வெளிப்படுகின்றது. அதுகாறும் நகைத்து வந்த கற்பார், தாமும் அக்கோயிலில் நின்று கண்டவரே என்பதை அவ்விடத்து உணர்வர்.

திரைப்படங்களில் நிலை வேறு. ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் குள்ளனாகிய அப்பு காதலில் தோற்கின்றான். காதல் கைகூடுவது நெடிய உடன்பிறந்தானுக்கே. ‘பேரழகன்’ (2004) படத்தில் கூனனிடத்து அன்பு கொள்பவள் பார்வையற்றவள். பார்வை பெற்ற பின்னரும் அவள் அவனையே நாடுதல் அப்படத்தின் சிறப்பே. எனினும், காதல் அரும்புதற்குக் காணாமை ஒரு துணையாக வேண்டப்பட்டது. இவ்விரு படங்களிலும் குறையுடையானாகவும் வடிவுடையானாகவும் நடித்தவர் ஒருவரே என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. வளைந்த உடலைக் காட்டும்போதே நிமிர்ந்த உடலும் உடன்வைத்துக் காட்டப்படுகின்றது.

‘மொழி’ (2007) படத்தின் நாயகி கேளாதவள், பேசாதவள். பிறர் இரக்கத்தை ஏலாத உறுதியுடையவள். அப்படைப்பு பாராட்டுக்குரியதே. ஆயினும் மூன்றனையும் ஒப்புநோக்கின் ஒரு வரையறை புலனாகின்றது. ஆணின் உடல் குறுகலாம், வளையலாம், பெண்ணின் குறையோ கண்ணிலும் செவியிலும் நிற்றல் வேண்டும், வடிவைத் தீண்டலாகாது. கலித்தொகைக் கூனி போன்றாள் ஒருத்தி காதற்குரியளாக இவற்றுள் இடம்பெறவில்லை.

2024 சூலைத் திங்களில் இந்திய உச்ச நீதிமன்றம், குறையுடையோரைப் புரிந்துகொள்ளத் துணை செய்யும் நகையையும் அவரைத் தாழ்த்தும் நகையையும் வேறு பிரித்துக் காட்டியது. திரைக்கெனக் கூறப்பட்ட அவ்வேறுபாடு பழம்பாட்டின் திறனாய்வுக்கும் பயன்படும். கலித்தொகைப் பாட்டில் இருவகை நகையும் விரவியுள்ளன, உவமைகள் தாழ்த்துகின்றன, முடிவு தாழ்த்துவாரையே சுட்டுகின்றது.

யாவர் காதலிக்கத் தக்கார் என்பதை மக்கள் கதைகளினின்றே பெரிதும் கற்கின்றனர். ஆதலின், இப்பாட்டை நகைச்சுவை என்னும் ஒரு சொல்லால் கடந்து செல்லுதல் ஆசிரியர்க்கும் ஆய்வு மாணவர்க்கும் சாலாது. நகுவார் யாவர் என்னும் வினாவை முதற்கண் எழுப்பிப் பயிலுதலே முறையாகும்.